ஒரே சொல்லில் இரண்டு ஐயா

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது "என்னுடைய சிங்கள அய்யா" என்று ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்கள். யார் அவர்? எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு சிங்களச் சிநேகிதிகூட இல்லாமல் வளர்ந்தவள். "அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம்" என்று உங்கள் வயதுக்காரர்கள் சொல்லும்போது எரிச்சலாக வருகிறது. அதில் எவ்வளவு உண்மை?
– வாசகி, வவுனியா

பதில்: எரிச்சல் நியாயமானதுதான். நானும் அந்த வாக்கியத்தைச் சபைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியவன். பாதியை நம்புங்கள். எந்தப் பாதி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இலங்கை மலையகத்தில், மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். 1964 தைப்பொங்கலுக்கு அங்கே ஒரு லயத்துக் காம்பிராவில், தொழிலாளர் வரிசை வீட்டு அறை ஒன்றில், பிறந்தேன். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதற்குப் பொறுப்பான டீமேக்கர் சிங்களவர். ஸ்டோருக்கு மேலே, கொய்யா மரங்களுக்கு நடுவில் அவருடைய பங்களா. துரை பங்களாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அது சின்ன வீடு. எங்கள் காம்பிரா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்தான். டீமேக்கர் வீட்டுப் பசுவுக்குப் புல் அறுத்துப் போடும் வேலை எட்டு வயதில் எனக்குக் கிடைத்தது. வாரத்துக்கு ஐம்பது சதம், அம்மா கையில் கொடுப்பார்கள்.

மாட்டுக்கொட்டிலில்தான் அவனைப் பார்த்தேன். டீமேக்கரின் கடைசி மகன். பெயரை எழுத மாட்டேன். அவனைக் கேட்காமல் இவ்வளவு எழுதுவதே அதிகம். எப்போது பிறந்தாய் என்று கேட்டான். பொங்கலுக்கு என்றேன். அவன் அதற்கு முந்திய மே மாத வெசாக்குக்குப் பிறந்தவன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நீ மல்லி, நான் அய்யா" என்று தீர்ப்புச் சொன்னான். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி, அய்யா என்றால் அண்ணன்.

தமிழில் ஐயா யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்து ஐயாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கணக்கப்பிள்ளை ஐயா, கிளாக்கர் ஐயா, டீமேக்கர் ஐயா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் போடுகிறவர் ஐயா, சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது எடையில் வெட்டுகிறவரும் ஐயா. அந்தச் சொல்லைச் சொல்லும்போது எங்கள் அப்பாவின் முதுகு தானாகவே கொஞ்சம் வளையும்.

அன்று சாயங்காலம் லயத்துக்குக் கீழே நின்று அவன் என்னைக் கூப்பிட்டான். "இதோ வருகிறேன் அய்யா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லிக் கொடுக்காமலேயே மகன் பெரிய இடத்துப் பிள்ளையை மரியாதையாகக் கூப்பிடுகிறான்! பங்களாவில் அவனுடைய அம்மாவுக்கும் திருப்தி. லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆக இரண்டு அம்மாக்களின் காதிலும் அது முதலாளி ஐயாவாக விழுந்தது. அந்தச் சொல்லில் அண்ணனைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஐந்து வருடம் அந்த மறைவில் விளையாடினோம்.

எல்லே என்ற மட்டைப்பந்து ஆட்டம் ஆடினோம், ஓடையில் நண்டு பிடித்தோம். சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாளில் வருகிற சித்திரைப் புத்தாண்டுக்கு அவன் கால்சட்டைப் பையில் கொக்கிஸ் பலகாரம் கொண்டுவருவான். எண்ணெய்க் கறைக்காக வீட்டில் அடி வாங்குவான். இதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். புல்லுக்கட்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

பள்ளத்திலிருந்து கொட்டிலுக்கு ஏறுகிற பாதை செங்குத்தானது. கட்டைக் கயிற்றால் கட்டி ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை அவன். பாதி வழியில் ஒரு பலா மரம். அதைத் தாண்டினால் பங்களாவின் குசினி ஜன்னல் தெரியும். பலா மரம் வந்ததும் அவன் கயிற்றை விட்டுவிடுவான். நான் குனிவேன், கட்டைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பான். ஒருநாளும் இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. எந்த இடத்தில் விட வேண்டும் என்று யாரும் அவனுக்குக் காட்டியதில்லை. எந்த இடத்தில் குனிய வேண்டும் என்று எனக்கும் யாரும் காட்டியதில்லை.

1977 ஜூலையில் பொதுத்தேர்தல். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய, தமிழருக்கு எதிரான கலவரம் சில நாட்களில் மலைக்கு ஏறிவந்துவிட்டது. அரசியலைப் பெரியவர்கள் பேசினார்கள். எனக்குத் தெரிந்தது, இருட்டியதும் அப்பா எங்களை ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏற்றியதுதான். கொழுந்து வாட்டும் மாடி அது. வரிசை வரிசையாகச் சாக்குத் தட்டுகள். ஏழு குடும்பங்கள் அந்தத் தட்டுகளுக்கு இடையில் மூன்று இரவு படுத்துக்கிடந்தோம். பாதி வாடிய கொழுந்தின் வாசனை பச்சை ஆப்பிள் வாசனை போல இருக்கும் என்று இப்போது சொல்கிறேன். அப்போது நான் ஆப்பிளைப் பார்த்ததில்லை. ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாக எங்கள் லயத்தின் கூரைத் தகரங்கள் நெருப்பில் சுருண்டு விழுவதைப் பார்த்தோம். கீழே ஸ்டோர் கதவில் சாவியுடன் டீமேக்கர் நின்றார். பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்களிடம், உள்ளே கொழுந்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று சொன்னார். அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரியது. அவர் எங்களைக் காப்பாற்ற நின்றாரா, ஸ்டோர் மெஷின்களைக் காப்பாற்ற நின்றாரா என்று அப்பாவும் மாமாவும் பத்து வருடம் வாதாடினார்கள். இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன். அதனால் கடன் குறைந்துவிடாது.

இரண்டாம் இரவு அவன் மேலே வந்தான். ஒரு வாளி தண்ணீர், இரண்டு றாத்தல் பாண். ஏணியின் கடைசிப் படியில் நின்றுகொண்டு, மெதுவாக, "மல்லி" என்றான். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் முறை கூப்பிட்டபோது யாரோ ஒரு பெரியவர் வாளியை வாங்கிக்கொண்டு அவனைப் போகச் சொன்னார்.

கீழே இறங்கி நாலைந்து நாள் கழித்து மறுபடி புல் அறுக்கப் போனேன். லயம் எரிந்தாலும் பசு தின்ன வேண்டுமே. பள்ளத்தில் கயிற்றோடு காத்திருந்தான். நான் அவனை, "பொடி மஹத்தயா" என்று கூப்பிட்டேன்.

சின்ன எஜமான் என்று அர்த்தம். பங்களாவுக்கு வேலைக்கு வரும் ஊர்க்காரர்கள் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை; எந்தக் காதில் விழுந்தாலும் ஒரே அர்த்தம்தான். பதின்மூன்று வயதில் எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அது. குறி பார்த்துத்தான் எறிந்தேன், இன்றைக்கு மறுக்கப் போவதில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தான். பிறகு கயிற்றைக் கீழே போட்டான். அன்று பலா மரம் வரைக்கும்கூட அவன் கட்டைத் தொடவில்லை.

அந்த வருடக் கடைசியில் நாங்கள் தோட்டத்தை விட்டு உங்கள் வவுனியாவுக்கு வந்தோம், அப்போது மலையகத்திலிருந்து வந்த பல குடும்பங்களைப் போல. ஒற்றுமையாக இருந்தோமா என்று கேட்டால், பலா மரத்துக்குக் கீழே இருந்தோம். நம்ப வேண்டிய பாதி அது.

கேள்வி: நீங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இந்தப் பிரச்சினை எல்லாம் வந்திருக்காது அல்லவா? மொழிதானே பிரித்தது?
– கல்லூரி மாணவர், மட்டக்களப்பு

பதில்: ஒரே பள்ளிக்கூடத்தில் எப்படித் தம்பி படிக்க முடியும்? அவன் மாத்தளை டவுனில் சிங்களப் பாடசாலைக்குப் பஸ்ஸில் போனான். எனக்குத் தோட்டப் பள்ளிக்கூடம்: ஒரு நீள மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று பரீட்சையில் எழுதி நீங்கள் புள்ளி வாங்கியிருப்பீர்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளின் பிற்பாதியில்தான். நடுவில் முப்பது வருடம் நாங்கள் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

தாய்மொழிக் கல்வி நல்லது. நானே முப்பத்து நாலு வருடம் தமிழில் பாடம் நடத்தியவன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு சேர்ந்து வந்தது, சிங்களப் பிள்ளைக்கு ஒரு வாசல், தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வாசல் என்ற ஏற்பாடு. ஒரே மதிலுக்குள் இரண்டு மொழியும் இருக்கிற பள்ளிக்கூடங்களிலும் வகுப்பறை வேறு வேறுதான். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் செய்தார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி என்று சேர்த்தார்கள். காகிதத்தில் சரி. இன்றும் ஒரு கந்தோருக்குப் போய்த் தமிழில் ஒரு படிவம் கேட்டுப் பாருங்கள், மேசைக்கு மேசை அலைய வைப்பார்கள்.

என் சிங்களத்தைப் பற்றி ஒரு சங்கதி. அது மாட்டுக்கொட்டில் சிங்களம். புல், கயிறு, நண்டு, கன்று போடுதல், எல்லேயில் ஆட்டமிழத்தல், அப்புறம் நாலைந்து கெட்ட வார்த்தை, எல்லாம் சுத்தமான உச்சரிப்பில் வரும். 'விண்ணப்பம்', 'அத்தாட்சி', 'மேன்முறையீடு' என்று ஒன்றும் வராது. ஓய்வூதிய விஷயமாகக் கொழும்புக்குப் போனபோது, நான் வாயைத் திறந்ததும் அங்கே இருந்த பெண் சிரித்துவிட்டார். வெள்ளைத் தலையோடு நின்று பத்து வயதுப் பையன் மாதிரிப் பேசியிருக்கிறேன். கோபம் வரவில்லை. என் வேலை அன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மொழி பிரித்தது என்பது பாதிதான். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தது. புல்லுக்கட்டை யார் தூக்குவது என்பதை அது தீர்த்துவைக்கவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா பண்டாரவளைப் பக்கத்தைச் சேர்ந்தவர். பள்ளிக்கூட விடுமுறையில் அவருடைய மகளையும் அழைத்துவருகிறார். என் மகளுக்கும் அவளுக்கும் ஒன்பது வயது, ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். மாமியார், "அந்தப் பிள்ளைக்குத் தனித்தட்டு வை, பின்னால் அவளுக்குத்தான் கஷ்டம்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று குழப்பமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, வெள்ளவத்தை

பதில்: "அவளுக்குத்தான் கஷ்டம்" என்ற அந்தப் பேச்சை நான் நன்றாக அறிவேன் அம்மா. தனித்தட்டு வைக்கிறவர்கள் எப்போதும் அந்தப் பிள்ளையின் நன்மைக்காகத்தான் வைப்பார்கள்.

எனக்கும் ஒரு தட்டு இருந்தது. டீமேக்கர் வீட்டுக் குசினிக்கு வெளியே, சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். வெள்ளை எனாமல், நீல விளிம்பு, விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் உதிர்ந்து கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு இலங்கைப் படம் போல இருக்கிறது என்று அவன்தான் கண்டுபிடித்தான். 1973, 74 பஞ்ச காலம். பாணுக்கு விடிய முன்னமே வரிசை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோனால் வழியில் மறித்துப் பிடிப்பார்கள். தோட்டங்களில் பட்டினி. அந்தக் காலத்தில் அந்த அம்மா அந்தத் தட்டில் எனக்குப் பாணும் பருப்பும் போட்டார். சாப்பிட்டுவிட்டு நானே கழுவி நானே ஆணியில் மாட்ட வேண்டும். அவமானமாக இருந்ததா என்று கேட்பீர்கள். பசித்தவனுக்கு அப்போது தெரியவில்லை. நாற்பது வயதில் ஒரு கல்யாண வீட்டில் அதே மாதிரி எனாமல் தட்டைக் கண்டபோதுதான் எழுந்து வெளியே போனேன்.

ஆனால் கதையை அங்கே நிறுத்தினால் நான் உத்தமனாகிவிடுவேன். எங்கள் காம்பிராவிலும் ஒரு தனிப் பாத்திரம் இருந்தது. அவன் வந்தால் சாயத்தண்ணீர் கொடுக்க ஒரு கண்ணாடித் தம்ளர். நாங்கள் யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது. அது மரியாதை. அதைப் போல இன்னொன்று, வாசலில் கூரைச் சலாகையில் கவிழ்த்து வைத்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. அது வேறு ஒருவனுக்கு.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்படித்து எழுப்புவார்கள். தப்படிக்கிறவரின் மகன் என் வகுப்பு. கடைசி லயத்தில் கடைசிக் காம்பிரா. தமிழ்ப் பிள்ளைதான், எங்களைப் போலக் கூலிக்காரப் பிள்ளைதான். வாத்தியார் கணக்குப் போட்டால் முதலில் கை தூக்குவான். எங்கள் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டால் அம்மா சிரட்டையை எடுப்பார். அவன் வாங்கிக் குடித்துவிட்டு, கழுவி, அதே சலாகையில் கவிழ்ப்பான். நான் டீமேக்கர் வீட்டில் செய்வதை அப்படியே. பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை. அவனை ஒருநாளும் எல்லே ஆடக் கூட்டிப்போனதில்லை. சிங்கள அய்யாவோடு சேர்ந்திருப்பது எனக்குக் கௌரவம், இவனோடு சேர்ந்திருப்பது குறைவு. என் சிங்களச் சிநேகிதனைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. இவனைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, எங்கள் மலையகத் தமிழரில் நாடற்றவர்கள் என்று வைத்திருந்த ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதி. அந்தக் கணக்கில் அவனுடைய குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறுகிறவர்களின் ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அவர்களை ஏற்றிவிடப் பாதித் தோட்டமே மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனது. நானும் போனேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தன்னுடைய கவணை என்னிடம் கொடுத்தான். கொடுக்க வேறு ஆள் அவனுக்கு இல்லை என்பதா, என்னைச் சிநேகிதன் என்று நினைத்திருந்தான் என்பதா, தெரியவில்லை. அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நீலகிரிப் பக்கம் தேயிலைக்கே வேலைக்குப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தட்டை மாற்றாதீர்கள். மாமியாரிடம் வாதாடவும் வேண்டாம், அந்த வயதில் யாரும் மாற மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள். இன்னொன்று. இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள் என்று நாளைக்குக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைதான் கழுவுகிறாள் என்றால், உங்கள் மகளையும் கூட நிற்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் மகளை என்னவென்று கூப்பிடுகிறாள் என்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள். பெயர் சொல்லியா, 'பேபி' என்றா? பேபி என்றால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள், தட்டுக்கு முன்னால்.

கேள்வி: 1983 ஜூலை வரை கொழும்பில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த சிங்களச் சிநேகிதனின் தொலைபேசி எண் நாற்பது வருடம் கழித்து இப்போது கிடைத்திருக்கிறது. அவர்கள் வீட்டில் எங்களுக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. எங்களைக் காப்பாற்றவும் இல்லை, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அழைக்கலாமா? என்ன பேசுவது?
– வாசகர், மன்னார்

பதில்: ஜன்னலைச் சாத்தியது அவனா, அவன் அப்பாவா? பதின்மூன்று பதினாலு வயதுப் பையனிடம் ஜன்னலின் சாவி இருந்திருக்காது. இதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். எங்கள் கதையில் கதவைத் திறந்தவர்கள் அவர்கள், வாயை மூடிக்கொண்டவன் நான்.

நாலு வருடத்துக்கு முன்னால் எனக்கும் ஓர் எண் கிடைத்தது. தோட்டத்தில் இருந்த ஒருவர் மூலமாக. ஆறு மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, சட்டையோடு ஒரு தடவை தோய்த்து, காயவைத்து, வேறு காகிதத்தில் எழுதி, பிறகு ஒருநாள் காலை பத்து மணிக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். குரலைக் கேட்டால் மகளாக இருக்க வேண்டும். யார் பேசுவது என்று சிங்களத்தில் கேட்டார். பெயரைச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. தோட்டத்திலிருந்து என்றேன். எந்தத் தோட்டம் என்றார். உள்ளே திரும்பி, "தாத்தா" என்று கூப்பிட்டார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவன் வந்து "ஹலோ" என்றால் முதல் சொல்லாக அவனை என்னவென்று கூப்பிடுவது என்று அந்தக் கணம்வரை நான் யோசித்திருக்கவில்லை. வைத்துவிட்டேன்.

எண் இப்போதும் இருக்கிறது. நீங்கள் முதலில் அழைத்துப் பேசிவிட்டு, என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.